மாயக் கதையிலும் கணக்கு டேலி ஆக வேண்டும்

“நாற்பதைத் தாண்டிய ஆள், இன்னும் டிராகன், மந்திரவாதி என்று படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அதில் அப்படி என்ன கிடைக்கிறது? நானும் இரண்டு மூன்று ஃபேன்டசி நாவல்களை எடுத்துப் பார்த்தேன். நூறு பக்கம் தாண்டவில்லை. மந்திரத்தால் எதையும் செய்துவிடலாம் என்றால் கதையில் பதற்றம் ஏது? எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதற்றம் ஏது என்று கேட்டீர்களே, அது சரியான கேள்வி. எதையும் செய்துவிடலாம் என்றால் பதற்றம் இல்லைதான். அப்படிப்பட்ட புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, நானும் பாதியில் மூடி வைத்திருக்கிறேன். நான் திரும்பத் திரும்பப் படிப்பவை வேறு ரகம். அவற்றிலும் மந்திரம் உண்டு. ஆனால் அந்த மந்திரத்துக்கு பில் வரும், யாராவது கட்டியாக வேண்டும். இருபது வருஷமாக ஆடிட்டர் ஆபீஸில் பேரேடு பார்ப்பவன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், கடைசியில் டேலி ஆனால் ஒரு நிம்மதி வருமே, நல்ல ஃபேன்டசியில் எனக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான். மிகுபுனைவு என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்துவைத்திருப்பது அந்த ‘மிகு’ இல்லை, அந்த மிகுதிக்கு அவர்கள் வைக்கும் வரம்பு.

நம் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பத்து வயதில் அப்பா மதுரை புதுமண்டபத்துக் கடையில் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’ வாங்கிக் கொடுத்தார். மட்டமான தாள், நடுநடுவே மை அப்பிய படங்கள், எழுத்து மட்டும் நிஜமாகவே பெரிது. அதில் இந்திரன் விக்கிரமாதித்தனுக்கு முப்பத்திரண்டு பதுமைகள் வைத்த சிம்மாசனத்தைக் கொடுத்து, இதில் அமர்ந்து ஆயிரம் வருஷம் ஆளலாம் என்று வரமும் தருகிறான். விக்கிரமாதித்தன் அதோடு திருப்தி. மந்திரியும் தம்பியுமான பட்டிக்கு அது போதவில்லை. அவன் காளியிடம் போய் இரண்டாயிரம் வருஷம் ஆயுள் கேட்கிறான். காளி சும்மா கொடுப்பாளா? விக்கிரமாதித்தன் தலையைக் கொண்டுவா என்கிறாள். பட்டி அண்ணன் தலையை வெட்டிக் கொண்டுபோய் வைக்கிறான், வரத்தை வாங்குகிறான், வாங்கிய கையோடு சிரிக்கிறான். என்னடா சிரிப்பு என்று அவள் கேட்க, இந்திரன் கொடுத்த ஆயிரம் வருஷ வரமே இதோ இப்படி முடிந்துவிட்டது, நீ கொடுத்த இரண்டாயிரத்தை நம்பி நான் என்ன செய்ய என்று மடக்குகிறான். மானம் போகிறதே என்று காளி அண்ணனை உயிர்ப்பிக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் சாமர்த்தியக் கதை, அவ்வளவுதான். அடுத்து வருவதுதான் என்னை இன்றைக்கும் புத்தகத்தைத் திறக்க வைக்கிறது. தம்பிக்கு இரண்டாயிரம், அண்ணனுக்கு ஆயிரம், பாக்கி ஆயிரத்துக்கு என்ன வழி? பட்டி வரத்தின் வாசகத்தை எடுத்துப் படிக்கிறான். சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் வருஷம் என்றுதானே இருக்கிறது? அப்படியானால் ஆறு மாதம் சிம்மாசனத்தில் இரு, ஆறு மாதம் காட்டில் இரு, ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். காடாறு மாதம், நாடாறு மாதம். ஊரில் தங்காமல் சுற்றுகிறவரைக் கிண்டல் செய்ய நாம் எடுக்கும் வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்த சட்ட நுணுக்கம். வரி ஆலோசகர்கள் வாங்கும் ஃபீஸே இதற்குத்தான்.

வேதாளத்தின் நிபந்தனையும் அப்படித்தான். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் அடி. இருபத்து நான்கு முறை பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் ராஜாவுக்கு விடுதலை எப்போது கிடைக்கிறது? கடைசிக் கதைக்கு நிஜமாகவே விடை தெரியாமல் போகும்போது. அறிவால் தப்பிக்கவில்லை, தெரியாது என்பதால் தப்பிக்கிறான். சின்ன வயதில் இது ஏமாற்றமாக இருந்தது. இப்போது படித்தால், நிபந்தனையை ஒரு எழுத்துகூட மீறாமல் கதையை முடித்தவனுக்குக் கைகொடுக்கத் தோன்றுகிறது.

இதற்கும் பல நூற்றாண்டு முன்னால், சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் போட்ட கணக்கு இன்னும் கறாரானது. பள்ளியில் அமுதசுரபி வரைக்கும்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காயசண்டிகையை யாரும் சொல்லவில்லை, எனக்கு முப்பது வயதில்தான் கிடைத்தாள். அவள் வானத்தில் பறக்கிற விஞ்சையர் குலத்துப் பெண். புருஷனோடு பொதியில் மலை பார்க்க வருகிறாள். அங்கே விருச்சிக முனிவர் ஒரு நாவற்பழத்தைத் தேக்கிலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பழம் பனம்பழம் மாதிரி பெரிது, கருப்பு. அவள் கவனிக்காமல் காலால் மிதித்து நசுக்கிவிடுகிறாள்.

முனிவர் கொடுக்கும் சாபத்தைப் பாருங்கள். கல்லாகப் போ, பேயாகப் போ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த மரம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு பழம்தான் தரும். அதைச் சாப்பிட்டுத்தான் அவர் பன்னிரண்டு வருஷப் பசியை ஆற்றிக்கொள்வார். ஆகவே அடுத்த பழம் வரும்வரை, பன்னிரண்டு வருஷம், என் பசியை நீ பசி. பறக்கும் மந்திரமும் உனக்கு மறந்து போகட்டும். நஷ்டம் எவ்வளவோ அபராதமும் அவ்வளவே, ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனைத்தீ என்று அந்தப் பசிக்குப் பெயர், எத்தனை சாப்பிட்டாலும் அடங்காது. கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அள்ளிக் கொடுக்கும் சோற்றில்தான் அடங்குகிறது.

சாத்தனார் அங்கேயும் விடவில்லை. மணிமேகலைக்குத் தெய்வம் கொடுத்த மந்திரங்கள் மூன்று: வான்வழி போக, வேறு உருவம் எடுக்க, பசியைத் தாங்க. துரத்தி வரும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் கழித்து மனைவியைத் தேடி வரும் விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவி இன்னொருவனோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து இளவரசனை வெட்டிப் போடுகிறான். தப்பிக்க எடுத்த மந்திரம் கொலையில் முடிகிறது. நிஜக் காயசண்டிகையோ, பசி தீர்ந்த சந்தோஷத்தில் பறந்தவள், விந்தமலைக்கு மேலே போனதால் அதைக் காக்கிறவள் நிழலைப் பிடித்து இழுத்து விழுங்கிவிடுகிறாள். ஃபேன்டசி மேல்நாட்டுச் சரக்கு என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

சரி, நீங்கள் கேட்டது நாவல்கள்.

அர்சுலா லெ குவின் அமெரிக்க எழுத்தாளர், அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். பழங்குடிகளின் மொழியும் சடங்கும் பேச்சாகப் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர். 1968-இல் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ வந்தது. சின்னப் புத்தகம். நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் ஓர் உலகம், அதில் கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன் மந்திரவாதி ஆகிறான். அவன் செம்பழுப்பு நிறம், அவனுடைய நண்பன் நல்ல கருப்பு, வெள்ளைத்தோல்காரர்கள் கிழக்கே இருக்கும் முரட்டுப் படையெடுப்பாளர்கள். 1968-இல் இது சாதாரணமாகச் செய்கிற காரியம் இல்லை. 2004-இல் டிவி தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரப் பையனாக்கிவிட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்துப் பகிரங்கமாகவே எழுதினார்.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. கெட்டுக்கு முதல் குரு ஒகியான். நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று பெயர். இருவரும் மலைவழியே நடக்கிறார்கள், மழை பிடித்துக்கொள்கிறது. ஊரில் இருக்கும் சில்லறை மந்திரவாதிகூட ஒரு வார்த்தை சொல்லி மழையை அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். ஒகியான் என்ன செய்கிறார்? ஓர் அடர்ந்த மரமாகப் பார்த்து, கீழே படுத்துத் தூங்கிவிடுகிறார். பையன் சொட்டுகிற புதரில் குந்திக்கொண்டு, இவ்வளவு சக்தி இருந்து என்ன பிரயோசனம் என்று கடுப்பாகிறான். ஏன் தள்ளவில்லை என்று அங்கே யாரும் விளக்கம் கொடுப்பதில்லை. ரொம்பப் பின்னால், ரோக் தீவுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்கிறார்: இங்கே பெய்த மழை இன்னொரு தீவுக்கு வறட்சியாகப் போகும். அப்போதுதான் நமக்கு அந்த நனைந்த இரவின் அர்த்தம் உறைக்கிறது. ஒகியானுக்கு வரவும் தெரியும், பற்றும் தெரியும். கெட்டுக்கு வரவு மட்டும்தான் தெரியும். வீம்புக்குச் செத்தவர்களின் ஆவியை அழைத்துக் காட்டப்போய் அவன் வாங்கிக் கட்டிக்கொள்வதும், அந்தக் கதவை மூட இன்னொருவர் உயிரைக் கொடுப்பதும் அப்புறம் வருபவை.

அந்த உலகத்தில் மந்திரம் என்பது பெயர். ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நிஜப் பெயர் உண்டு, அது தெரிந்தவனிடம் அதன் பிடி இருக்கும். ஆகவே நிஜப் பெயரை ஒளித்துவைத்துவிட்டு, அழைப்பதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இதைப் பல விமர்சகர்கள் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. என் தாத்தா பெயர் சீனிவாசன். எங்கள் பக்கம் சர்க்கரையைச் சீனி என்றுதான் சொல்வோம். பாட்டி கடைசிவரை அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. ரேஷன் கடையில் போய், “ஏப்பா, இந்த மாசம் அஸ்கா எப்ப போடுவீக?” என்பார். கடைக்காரர் வேண்டுமென்றே “எது பாட்டி, சீனியா?” என்பார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். பெயருக்கு ஒரு கனம் உண்டு, அதைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கெட் உடைந்து கிடக்கும் நேரத்தில் அவன் நண்பன் வந்து, யாரும் கேட்காமலே, தன் நிஜப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமம் அது. அந்த இடத்தில் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது.

லெ குவினிடம் எனக்கு இருக்கும் பெரிய மரியாதை வேறு காரணத்துக்கு. 1972-இல் வந்த, எர்த்ஸீ வரிசையின் மூன்றாவது புத்தகத்தின் முடிவில் கெட் தன் சக்தி முழுவதையும் ஒரே காரியத்துக்குச் செலவழித்துவிடுகிறான். (கதை தெரிந்துவிட்டதே என்று கோபிக்க வேண்டாம், இது தெரிந்து படித்தாலும் ஒன்றும் குறையாது.) மற்ற எழுத்தாளராக இருந்தால் வீரத்தோடு நிறுத்தியிருப்பார், அல்லது அடுத்த பாகத்தில் சக்தியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் பதினெட்டு வருஷம் கழித்து, 1990-இல், ‘தெஹானு’ எழுதினார். அதில் கெட் வெறும் ஆள். வெட்கத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான், தொடங்கிய இடத்துக்கே. மகா மந்திரவாதியாக இருந்தவனுக்குச் சாதாரண ஆம்பிளையாக வாழத் தெரியவில்லை, ஒரு விதவைப் பெண்ணிடம் கற்றுக்கொள்கிறான். செலவழித்தது செலவழித்ததுதான், திரும்ப வராது.

இப்போது டோல்கின். இவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டார்கள். என் வாதத்துக்கு இவர்தான் இடைஞ்சல் மாதிரியும் தெரியும், ஏனென்றால் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் மந்திரத்துக்கு விதிமுறையே கிடையாது. அதில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபால் என்ன முடியும், என்ன முடியாது என்று கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

எனக்கு முதலில் கிடைத்தது இரண்டாவது பாகம் மட்டும். நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்து கிடந்தது, இருபது ரூபாயோ என்னவோ. வாங்கிப் பிரித்தால் முதல் அத்தியாயத்திலேயே போரோமிர் என்றொருவன் அம்புகள் தைத்து மரத்தடியில் சாகிறான், பக்கத்தில் அவனுடைய கொம்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இவன் யார், எதற்காகச் செத்தான், நல்லவனா கெட்டவனா, ஒன்றும் தெரியாது. இருந்தும் தொண்டையை அடைத்தது. கல்லூரி விடுமுறையில் அந்த நடுப்பாகத்தையே இரண்டு தடவை படித்தேன். மற்ற இரண்டும் கைக்கு வர ஐந்து வருஷம் ஆனது.

அதில் ஒரு சமையல் காட்சி உண்டு. ஒரு தீய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கக் கிளம்பிய ஃப்ரோடோவும், அவனுடைய வேலைக்காரன் சாமும், எதிரியின் நாடான மோர்டோர் எல்லையை நெருங்கிவிட்டார்கள். வழிகாட்ட வரும் கோல்லம் என்ற பிராணி இரண்டு முயல் பிடித்து வருகிறது, அதற்குப் பச்சையாகத் தின்றுதான் பழக்கம். சாமால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எத்தனையோ நாளாக முதுகில் சுமந்து வரும் சட்டியை இறக்குகிறான். ஒரு சின்ன டப்பாவில் உப்பு, அதையும் இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான். வாசனை இலை பறித்து வரச் சொல்லிக் கோல்லத்தை விரட்டுகிறான். குழம்பு கொதிக்கிறது, இரண்டு பேரும் சட்டியிலிருந்தே சாப்பிடுகிறார்கள். நிம்மதியான ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் அடுப்பைச் சரியாக அணைக்கவில்லை. புகை மேலே போகிறது. அந்தப் புகையைப் பார்த்துவிட்டு ஆயுதத்தோடு ஆட்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். முயல் குழம்புக்கான பில் வந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தில், எரிமலைக்குப் போகும் கடைசி நடையில், இனி ஓர் அவுன்ஸ் எடைகூடத் தாங்காது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறார்கள். சாம் அந்தச் சட்டிகளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பிளவுக்குள் போடுகிறான். அவை உருண்டு விழுகிற சத்தம் அவன் நெஞ்சில் சாவுமணி மாதிரி கேட்கிறது. சாதாரண அலுமினியச் சட்டி மாதிரி ஒரு சாமானுக்குப் போய் நான் அழுதிருக்கிறேன். டோல்கின் அதை ஆயிரம் பக்கமாக நம் முதுகிலும் ஏற்றி வைத்திருந்தார், அதனால்தான். திரும்பி வரும் நம்பிக்கை இருந்தால் சட்டியைப் போடுவார்களா?

ஆக, டோல்கின் பேரேட்டில் இருப்பது மந்திரம் இல்லை. நடை, தூரம், சுமை, சோறு, நிலா. நிலாவை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1944-இல் எழுதிக்கொண்டிருக்கும்போது, கதையில் ஒரே இரவில் நிலா ஓர் இடத்தில் உதித்து இன்னோர் இடத்தில் அதே நேரம் மறைகிறது என்று கண்டுபிடித்து, எழுதி முடித்த அத்தியாயங்களைத் திருத்தியிருக்கிறார். மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில் இந்த அவஸ்தை இருக்கிறது. எந்த வாசகன் போய் நிலாவைச் சரிபார்க்கப் போகிறான்? இருந்தும் பார்த்தார். மந்திரமும் அங்கே முழுக்க இலவசம் என்று சொல்ல முடியாது. முதல் பாகத்தில் பனிமலையில் சிக்கிக் குளிரில் விறைத்துச் சாகக் கிடக்கும்போது காண்டால்ஃப் கோலைச் சுள்ளிமேல் வைத்துத் தீ மூட்டுகிறார். மூட்டிவிட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் எழுதிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது என்கிறார். அந்தச் சுள்ளியைக்கூட, ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே யோசித்துச் சொன்னவன், நான் பிணமாகத்தான் முதலில் சந்தித்த அந்தப் போரோமிர்.

இந்தப் புத்தகத்தின் பதிப்புக் கதையும் கணக்குதான். ராய்னர் அன்வின் என்ற பத்து வயதுப் பையன் ஒரு ஷில்லிங் கூலிக்கு டோல்கினின் முந்தைய நாவலான ‘ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைப் படித்து, போடலாம் என்று பதிப்பாளரான அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தான். 1937-இல் வந்தது. பையன் வளர்ந்து அதே கம்பெனியில் உட்கார்ந்த பிறகு, இந்தப் பெரிய நாவலைப் போட்டால் ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று அப்பாவிடம் சொன்னார். இது மேதைமையான படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று அப்பா சம்மதித்தார். நஷ்டத்துக்குப் பயந்து ராயல்டி இல்லாமல், போட்ட முதல் வந்த பிறகு லாபத்தில் பாதிப் பாதி என்று ஒப்பந்தம். 1954, 55-இல் மூன்று பாகமாக வெளிவந்தது. நஷ்டத்துக்குப் பயந்து போட்ட அந்த ஒப்பந்தம்தான் டோல்கினுக்கு வழக்கமான ராயல்டியைவிட நல்ல காசு கொடுத்தது.

சிரிக்கச் சிரிக்க ஃபேன்டசி எழுதிய இங்கிலாந்துக்காரர் டெர்ரி பிராட்செட்டைப் பற்றி ஒரு பாராவாவது எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1983-இல் தொடங்கி டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள். தட்டையான உலகம், நான்கு யானைகள் மேல், யானைகள் ஓர் ஆமை மேல். நமக்குப் புராண வாசனை அடிக்கும் ஏற்பாடு. அதில் சாம் வைம்ஸ் என்ற போலீஸ்காரர். மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர், பத்து வருஷம் உழைக்கும். இவரால் வாங்க முடிவது 10 டாலர் பூட்ஸ், ஓரிரு பருவத்தில் அட்டை கிழிந்து தண்ணீர் ஏறும். பத்து வருஷத்தில் ஏழை பூட்ஸுக்கு 100 டாலர் செலவழித்திருப்பான், அப்போதும் கால் ஈரமாகத்தான் இருக்கும் என்று அவர் யோசிக்கிறார். 1993-இல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் வருவது இது. நான் வருஷத்துக்கு இரண்டு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் படித்தேன், பொருளாதாரப் பாடத்தில் இப்படி ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. இன்னொன்று: பூட்ஸ் அட்டை அவ்வளவு தேய்ந்துவிட்டதால், இருட்டிலும் பனிமூட்டத்திலும் காலுக்கடியில் படும் கல்லை வைத்தே வைம்ஸ் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். வறுமையின் பற்றுப் பக்கத்துக்கு எதிரே ஒரு சின்ன வரவு. 2022-இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் மலிவுச் சாமான்களின் விலை ஏற்றத்தைக் கணக்கெடுக்கக் கிளம்பியவர்கள், பிராட்செட் குடும்பத்தார் சம்மதத்தோடு, அதற்கு வைம்ஸ் பூட்ஸ் பெயரையே வைத்தார்கள்.

கணக்கு கணக்கு என்று சொல்லிவிட்டு, கணக்கு மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பிராண்டன் சாண்டர்சன் என்பவர் இந்த விஷயத்தை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்திருக்கிறார்: மந்திரம் வாசகனுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று. அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ நாவலில் உலோகத் துகளை விழுங்கி, வயிற்றுக்குள் எரித்து, அந்தச் சக்தியால் காசைத் தள்ளுகிறார்கள். காசு லேசாக இருந்தால் காசு பறக்கும். அது தரையில் பதிந்து நின்றுவிட்டால் தள்ளியவர் பறப்பார். முதல்முறை அந்தப் பெண் வின் ஒரு காசைத் தரையில் எறிந்து, அதைத் தள்ளி, கூரைக்கு மேல் எழும்பும்போது எனக்கும் கால் தரையில் இல்லை. ஆனால் ஐந்தாவது சண்டையில், எந்த உலோகம் எவ்வளவு மிச்சம், எது எதை முறிக்கும் என்று வரும்போது ஜிஎஸ்டி விதிப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. அதை நான் ஆபீஸிலேயே செய்கிறேன். அவருக்கு வாசகர் ஏராளம் உண்டு, 2022-இல் நான்கு நாவல்களுக்கு வாசகர்களிடமே நேரடியாகக் கேட்டு 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஆகவே குறை என்னிடம் இருக்கலாம். காசு பறப்பதைவிடச் சட்டி விழுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவதுதானே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். டோல்கினே 1939-இல் ஸ்காட்லாந்தில் பேசிய ஓர் உரையில் பதில் சொல்லிவிட்டார்: சிறையில் இருப்பவன் வீட்டை நினைத்தால் அதில் என்ன தப்பு? மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸுக்கு வந்து பார்த்தால் இதை நான் விளக்க வேண்டியிருக்காது.

எதிலிருந்து தொடங்குவது? டோல்கினிலிருந்து வேண்டாம். நூறு பக்கம் தாண்டவில்லை என்றீர்களே, அதில் ஒன்று அவருடையதாகத்தான் இருக்கும். முதல் நூறு பக்கம் பிறந்தநாள் விருந்தும் காளானுமாகவே போகும், பழகினால்தான் ருசி. எர்த்ஸீ முதல் புத்தகத்தை எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். பிடித்தால் இரண்டாவது, அது முழுக்க இருட்டுச் சுரங்கத்துக்குள் ஒரு பெண்ணைப் பற்றியது, என் கணக்கில் முதல் புத்தகத்தைவிட நல்லது. பிராட்செட்டை முதல் நாவலில் ஆரம்பிக்காதீர்கள், அவருக்கே அப்போது கை பழகவில்லை. 1989-இல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ சரியான வாசல், வைம்ஸ் அதில்தான் அறிமுகம். அதன் பிறகு டோல்கினுக்கு வாருங்கள். பாட்டுகள் வரும் இடத்தில் தாண்டிப் போய்விடுங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. ஆனால் வரைபடப் பக்கத்தில் ஒரு காகிதம் சொருகி வைத்துக்கொள்ளுங்கள், நடப்பவர்களோடு நீங்களும் நடக்க அது வேண்டும்.

ஆங்கிலம்தான் தடை என்றால் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ படியுங்கள். ஃபேன்டசி அலமாரியில் யாரும் வைக்கமாட்டார்கள். ஆனால் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள், தங்கள் ஜனம் துரத்தப்பட்டு ஓடிவந்த கதையைச் சொல்லும்போது, ஆற்றங்கரை மரம் ஒன்று வளைந்து கொடுத்து அவர்களை அக்கரைக்கு விடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் யாரும் அது எப்படி என்று கேட்பதில்லை. அதற்கு முன்னால் அவர்கள் விட்டுவிட்டு வந்த வீடும் மாடும் நிலமும் எவ்வளவு என்று கி.ரா. சொல்லியிருப்பார், அவ்வளவு கொடுத்தவர்களுக்கு ஒரு மரம் வளையக் கூடாதா என்று நமக்கே தோன்றிவிடும்.

போன மாதம் அந்தப் பழைய பெரிய எழுத்துப் புத்தகத்தை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பது வயது. பட்டி காளியை மடக்கிய இடத்தில் சிரித்தாள். காடாறு மாதம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பா, சிம்மாசனத்துல உக்காந்திருக்கிறப்பதானே வரம்?” “ஆமா.” “அப்ப காட்டுல இருக்கிற ஆறு மாசத்துல பாம்பு கடிச்சா?” நான் நாலு பக்கம் முன்னால் புரட்டினேன், நாலு பக்கம் பின்னால் புரட்டினேன். முப்பது வருஷமாகப் படிக்கிறேன், இந்த அப்ஜெக்ஷன் எனக்குத் தோன்றவே இல்லை.